விழுங்கிய வெளிச்சம்

தேரிக்குளத்தில் பொருள்களெல்லாம் தாம் விழுங்கி வைத்திருந்த வெளிச்சத்தைத் திருப்பித் தரத் தொடங்கிய அந்த ஆனி மாதத்து வியாழக்கிழமை காலையில், சுடலைவடிவு ஓர் அரக்குநிறப் பட்டுப்புடவையை இரு கைகளிலும் ஏந்தி, அதற்குப் பொருந்துமென்று எடுத்த ரவிக்கைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைப்படியிலிருந்து தெருவெயிலுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். கல்லூரிப் படிப்பு முடிந்த ஆண்டிலிருந்து தங்கமாரியப்பன் அண்ணாச்சியின் மேட்சிங் சென்டரில் அவள் செய்துவந்த வேலை அதுதான்: ட்யூப்லைட்டின்கீழ்ப் பொருந்திய துணியைத் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சூரியனிடம் ஒருமுறை கேட்டுவருவது. ட்யூப்லைட் பொய் சொல்லும் என்பதை அவ்வூர்ப் பெண்கள் அனைவரும் அறிவார்கள். ஆகவே எத்தனை அவசரமானாலும், வெளியே தூறலே போட்டாலும், வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பார்க்காமல் ஒருத்தியும் துணியை வெட்டவிடமாட்டாள். ‘வெட்டிய துணி திரும்பப் பெறப்படமாட்டாது’ என்னும் பலகை அண்ணாச்சியின் தலைக்குமேல், சாமி படங்களுக்கும் மேலே தொங்கியது.

வடிவு தெருவில் கால் வைத்ததும் அரக்குப் புடவை பச்சையாயிற்று. ரவிக்கைத் துணியும் பச்சையாயிற்று. ஆனால் அந்தப் பச்சை வேறு, இந்தப் பச்சை வேறு.

“என்னட்டி இது? ஒண்ணு கிளிப்பச்சை, ஒண்ணு பாசிப்பச்சை. சேரவே இல்லையே! வேற எடு,” என்றாள் கூடவே படியிறங்கிய புடவைக்காரி.

வடிவுக்கும் முதலில் தோன்றியது அதுதான். பொருந்தாத துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போதுதான், எதிர்க்கடைக் கூரையிலிருந்து ஒரு காகம் ஏற்றிவைத்த விளக்கைப்போல எழுந்து பறந்ததையும், பேருந்து நிலையத்து வேப்பமரம் இலையிலையாகச் செந்நிறத்தில் கனன்றதையும், பூக்காரியின் கூடையில் மல்லிகைச் சரம் கரித்துண்டுகளைக் கோத்ததுபோல இருண்டு கிடந்ததையும், அது மல்லிகைதான் என்பதை மணம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததையும் அவள் கண்டாள்.

ஊர் இரண்டு நாள் வியந்தது. மூன்றாம் நாள் பழகியது. அதன்பின் குறைசொல்லத் தொடங்கியது. மிளகாய் வற்றல் பச்சையாக மின்ன, மஞ்சள்தூள் மயில்கழுத்து நிறத்தில் மின்ன, குழம்பு வைத்தவர்கள் இரண்டையும் முகர்ந்து பார்த்தே போட்டார்கள். வெள்ளைப் பொருள்கள் எந்நாளும் எதையும் விழுங்கியதில்லையாதலால் அவற்றிடம் தருவதற்கு ஒன்றுமில்லை. உப்பும் சோறும் பாலும் இருண்டன. சலவை வேட்டி கட்டிய பெரிய மனிதர்கள் புகைக்கூண்டிலிருந்து இறங்கியவர்களைப்போலக் கூட்டங்களுக்கு வந்தார்கள். எருமைகளோ நடமாடும் விளக்குகளாயின. கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு கடைவீதிக்கு வருவது எதிரே வருபவர் கண்ணைக் கூசச்செய்யும் குற்றமென்று பேரூராட்சி தண்டோரா போட்டது. வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியோடு எழுந்து நின்றபோதெல்லாம் நீதிபதி கையைப் புருவத்தின்மேல் குவித்துக்கொண்டு, “ஒருவர் ஒருவராக எழுந்திருங்கள்,” என்று வேண்டிக்கொண்டார். கோயில் கருவறையில் நின்ற கருங்கல் அம்மன், தலைமுறை தலைமுறையாக விழுங்கிய நல்லெண்ணெய்த் தீபத்தை ஒருசேரத் திருப்பித் தந்தாள். தீபாராதனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அர்ச்சகர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, அம்மனின் இடக்கன்னத்தில் ஒரு குழி உண்டு என்பது அன்றுதான் ஊருக்குத் தெரியவந்தது.

கண்ணாடிகளும் இறந்தன. வந்ததை வந்தபடியே திருப்பியனுப்பும் பொருளாகையால் கண்ணாடியிடமும் சேமிப்பு ஏதும் இல்லை. வீட்டுக்கு வீடு ஆணியில் ஓர் இருட்டுப் பலகை தொங்கிற்று. பொட்டு நடுவில் இருக்கிறதா, வகிடு நேராக இருக்கிறதா என்பதை ஒருவரையொருவர் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. பேசாதிருந்த ஓரகத்திகள்கூட, “ஏக்கா, பொட்டு கோணியிருக்கா?” என்ற அளவுக்கு இறங்கிவந்தார்கள், கோணியிருந்தாலும் “இல்லை” என்று சொல்லி அனுப்பியவர்களும் உண்டு.

அண்ணாச்சியின் கடையில்தான் நெரிசல் மிகுந்தது. இதுநாள்வரை ஒன்றென்று நம்பி உடுத்திய புடவையும் ரவிக்கையும் வெவ்வேறு சாயத்தில் ஊறியவை. வெளியே தள்ளிய நிறத்தில் ஒன்றாயிருந்தவை உள்ளே விழுங்கிய நிறத்தில் வேறாயிருந்தன. அந்த வேறுபாடு இப்போது ஊரறியத் தெரிந்துவிட்டது.

“அண்ணாச்சி, அஞ்சு வருசமா எனக்குப் பொருந்தாத ரவிக்கையைத் தந்து ஏமாத்திட்டீரே!”

“நான் என்னத்தைக் கண்டேன் தாயி? சூரியனே ஏமாந்துட்டான், நான் எம்மாத்திரம்?”

இவ்வளவு கூச்சலுக்கு நடுவிலும் வடிவுக்குக் கோபமோ அச்சமோ வரவில்லை. எந்தப் பொருள் எந்த வேளையின் வெளிச்சத்தை வைத்திருக்கிறது என்னும் ஒரே கேள்விதான் அவளை இழுத்துக்கொண்டு திரிந்தது. வெளிச்சம் வந்த வேளையின் சாயலோடே திரும்பிவந்தது. டீக்கடைச் சட்டியின் அடிப்புறம் விடியற்காலை அடுப்பின் செம்மையைத் தந்தது. குடை நண்பகலைத் தந்தது. தார்ச்சாலை ஊரின் வெயில் முழுவதையும் தந்தது. கடையின் மேல்தட்டில் நெடுநாளாய் விற்காமல் கிடந்த கறுப்பு லைனிங் துணிக்கட்டு, கடையில் எரிந்த விளக்குகளையெல்லாம் சேர்த்துத் தந்ததோடு, தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருந்தது.

அது ஏன் சுடுகிறது என்பதைச் சென்னையிலிருந்து கருவிகளோடு வந்த விஞ்ஞானியிடம்தான் அவள் கேட்டாள். அவர் தெருவை அளந்து முடித்துவிட்டு, மனைவிக்கு ரவிக்கைத் துணி எடுக்க வந்திருந்தார்.

“ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு படிக்கட்டு மாதிரிம்மா,” என்றார் அவர். “தன் படியோட உயரத்துக்குச் சரியா இருக்கிற வெளிச்சம் வந்தா மட்டும் அதை விழுங்கிட்டு மேல ஏறும். மத்த வெளிச்சத்தை விட்டுடும். விட்டதைத்தான் நாம நிறம்னு சொல்றோம். அப்புறம் இறங்கியாகணும் இல்லையா? பெரும்பாலும் சூடா விட்டுட்டு இறங்கும். சிலது வெளிச்சமா விடும்.”

“வாங்கினதை அப்படியே விடுமா சார்?”

“விடாது. மேல நிக்கும்போதே ஆடி அசைஞ்சு கொஞ்சத்தைச் சூடாக்கிடும். மிச்சத்தைத்தான் தரும். அதனாலதான் நீலமா வாங்கினது பச்சையா வருது, பச்சையா வாங்கினது மஞ்சளா வருது.”

“மேல எவ்வளவு நேரம் நிக்கும்?”

“கண் இமைக்கிற நேரத்தைக் கோடிப் பங்கு போட்டு, அதுல ஒரு பங்கு.”

“எங்க அம்மன் அவ்வளவு காலமால்ல நின்னிருக்கா?”

விஞ்ஞானி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுதாம்மா எனக்கும் தெரியலை. சரி, அந்த மெரூன்ல ஒரு மீட்டர் வெட்டுங்க.”

“உங்க ஊருக்குப் போனா அது மெரூனா இருக்குமான்னு தெரியாது சார். வெட்டினா திரும்ப எடுக்க மாட்டோம்,” என்றாள் வடிவு. அவர் வெட்டாமலே போனார்.

கண்களைப்பற்றி ஊர் கடைசியாகத்தான் கண்டுபிடித்தது. கண்ணின் கருமணியைப்போல வெளிச்சத்தை விழுங்குவது வேறெதுவும் இல்லை. அதுவும் இப்போது கடுகளவு ஒளியைத் திருப்பித் தந்தது. யார் எதிரே நிற்கிறாரோ அவர் முன்னே இருந்தபோது விழுங்கிய வெளிச்சமே முதலில் வெளிவந்தது. அடுத்தடுத்த கடைகளில் வெற்றிலை விற்றுக்கொண்டு பேச்சுவார்த்தையில்லாதிருந்த அண்ணனும் தம்பியும், எருமையொன்று குறுக்கே படுத்துவிட்டதால் நேருக்குநேர் நிற்க நேர்ந்தபோது, ஒருவர் கண்ணில் மற்றவர் கால்சட்டை போட்ட பையனாக வாய்க்காலில் குதிப்பதைக் கண்டு, எருமையை எழுப்பாமலே நெடுநேரம் நின்றார்கள். மறுநாள் இரண்டு கடைக்கும் நடுவில் இருந்த தகரம் எடுக்கப்பட்டது. எல்லார்க்கும் இப்படி நன்மையாக முடியவில்லை. கணவர்மார் பலர் தரையைப் பார்த்தே நடந்தார்கள். கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டியவர்களுக்கு அது கண்ணைவிடப் பளிச்சென்று எரிந்ததுதான் மிச்சம்.

இனி வடிவைப்பற்றிச் சொல்லவேண்டும். வடிவு கறுப்பு. தரகர் மாநிறம் என்பார். அவளைத் தாயில்லாக் குறை தெரியாமல் வளர்த்த சிவகாமி அத்தை ‘களையான கறுப்பு’ என்பாள். பெண் பார்க்க வருவோரை அத்தை எப்போதும் வெயில் தாழ்ந்தபின்தான் வரச்சொல்லுவாள். வீட்டில் இரண்டு ட்யூப்லைட்டுக்கு நேர்கீழே பாய் விரித்து உட்காரவைத்து, முகத்துக்கு மாவு பூசி, “தலையைக் குனிஞ்சே இரு, கழுத்துல வெளிச்சம் படாது,” என்பாள். ஊருக்கெல்லாம் துணியைத் தெருவில் காட்டிவிட்டு வெட்டுகிறவளைத் தெருவெளிச்சம் படாமல் காட்டித் தள்ளிவிட வீட்டில் நடந்த இந்த ஏற்பாடு வடிவுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் வந்தவர்கள் போனபின் அப்பா ஆறுமுகநயினார் சட்டையைக்கூடக் கழற்றாமல் வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேடிக்கையாக இல்லை. கடைசியாக வந்தது கூட்டுறவு வங்கியில் வேலைபார்க்கும் குலசேகரன். அவன் தாயார் முறுக்கை ருசித்துத் தின்றுவிட்டு, ஏற்கெனவே பொருந்தியிருந்த ஜாதகம் இப்போது ‘கொஞ்சம் இடிக்குது’ என்று மறுநாள் சொல்லியனுப்பினாள்.

இப்போது வடிவு விளக்காகிவிட்டாள். பிறந்ததிலிருந்து விழுங்கிய காலைகளும் நண்பகல்களும் அவள் முழங்கையிலிருந்தும் புறங்கழுத்திலிருந்தும் இளம்பொன்னாகக் கசிந்தன. அவள் கடைக்கு நடந்து வரும்போது இருண்டுபோன சுவர்களில் ஒரு வெளிச்சம் கூடவே வந்தது. குலசேகரனின் குடும்பமோ தலைமுறைகளாகச் சிவந்த மேனிக்குப் பேர்போனது. வந்த வெளிச்சத்தையெல்லாம் திருப்பியனுப்பியே பழகிய அந்த வீட்டில் இப்போது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

ஒரு காலையில் அப்பா பேருந்து நிலையத்து வேலைக்குப் புறப்பட்டவர் வாசலிலேயே நின்றார்.

“வங்கிக்காரரு வீட்டுல மறுபடி கேக்காவ தாயி. வெள்ளிக்கிழமை வாராவ. வந்த கையோட தட்டு மாத்திருவோம்னு சொல்லுதாவ.”

“ஜாதகம் இடிச்சுதே அப்பா?”

“இப்ப இடிக்கலையாம்.”

“கிரகம் நகந்து உக்காந்துட்டோ?”

அப்பா சிரிக்கவில்லை. “ஒன்ன ஒரு வீட்டுல வச்சுப் பாத்துட்டா எனக்குப் போதும். வேற ஒண்ணும் கேக்கல,” என்றார். வடிவு கடைக்கு நடந்துகொண்டே எண்ணிப்பார்த்தாள். தாம்பூலத்தட்டு மாறிவிட்டால் மாறியதுதான், வெட்டிய துணி. இந்த ஒளி எத்தனை நாளைக்கு என்பது விஞ்ஞானிக்கே தெரியாது. அது அணைந்த மறுநாள் அவர்கள் வீட்டில் எரியாத விளக்காக நிற்கப்போகிறவள் அவள்தான். அதைவிட, முதல்முறை வந்தபோது அவன் தன்னிடத்தில் எதைக் கண்டு வேண்டாமென்றான் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. “இனிமே நேரங்காலம் பாக்க வேண்டாம். பகல் பதினொரு மணிக்கே வரட்டும்,” என்றவள், சன்னல்களையெல்லாம் சாத்தினாள். “மாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ சும்மா உக்காரு. பாக்கிறவ கண்ணு அவியட்டும்.”

அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாக்கும் பழமும் வைத்த தட்டு நடுவில் இருந்தது. வெற்றிலை தீக்கொழுந்துபோலச் சிவந்து ஒளிர்ந்தது. வடிவு உள்ளிருந்து வந்து அமர்ந்தாள். அவள் கைகளின் ஒளி இளம்பொன்னாகத்தான் இருந்தது. ஆனால் முகத்தை நிமிர்த்தியதும் அதிலிருந்து வந்தது வேறு: பெண்பார்க்கும் மாலைகளில் அதே இடத்தில் அமர்ந்து அம்முகம் விழுங்கிய ட்யூப்லைட். வெளிறி நீலம் பாரித்த அவ்வொளி எதிரே இருந்தவர்கள்மேல் விழுந்தது. குலசேகரனின் தாயார் ஐஸில் வைத்த மீனைப்போலத் தெரிந்தாள்.

“எம்மா, என்ன வெளிச்சம்! எங்க வீட்டுக்கு ஏத்த விளக்கு,” என்றாள் தாயார். “பேச்சை வளப்பானேன்? தட்டை எடுங்க சம்பந்தி.”

அப்பாவின் கை தட்டை நோக்கி நீண்டது.

“ஒரு நிமிசம் அப்பா,” என்று வடிவு எழுந்தாள். கடையில் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே குரலில் குலசேகரனைப் பார்த்து, “கொஞ்சம் வெளிய வாங்க. வெளிச்சத்துல பாத்துருவோம்,” என்றாள்.

“ஏட்டி, கூறு கெட்டுப்போச்சா ஒனக்கு?” என்று அத்தை பதறினாள். ஆனால் வங்கியில் மேலாளர் அழைத்தாற்போல அவன் எழுந்துவிட்டான்.

தெருவில் வெயில் கொளுத்தியது. எதிர்வீட்டுக்காரி முறத்தோடு அசையாமல் நின்றாள். வடிவு அவன் முன்னே நின்று, புடவையின் முந்தியை ஆராய்வதுபோல நிதானமாக அவன் கருமணிகளை உற்றுநோக்கினாள். கடுகளவு ஒளி அங்கே துளிர்த்தது. முதலில் சாம்பல் நிறம்; அதில் சிறுசிறு செம்புள்ளிகள்; அது தன் வீட்டு மொசைக் தரை என்பது அவளுக்குப் புரிந்தது. பிறகு முறுக்குத் தட்டு. பிறகு அவனுடைய கால் பெருவிரல். பிறகு மறுபடியும் தரை. அந்த மாலை முழுவதையும் அவள் தேடிப்பார்த்தாள். அவள் அதில் இல்லை. அவள் பாதத்தின் ஓரம்கூட இல்லை.

“நீங்க என்னைப் பாக்கவே இல்லையே!” என்றாள் வடிவு. குரலில் குற்றச்சாட்டு இல்லை. நெடுநாள் கணக்கொன்று விடை தந்த வியப்புத்தான் இருந்தது. “பாக்காமயா வேண்டாம்னு சொன்னீய?”

கூச்சத்தில் சிவந்திருக்கவேண்டிய அவன் காது நுனி பச்சையாக மின்னியது. “அம்மா பாத்துக்கிடுவாவன்னு... எனக்கு நிமிந்து பாக்கக் கூச்சமா இருந்துது.”

“சரி. இப்ப என் கண்ணைப் பாருங்க. கண்ணாடியும் இல்ல, எனக்கே என்ன இருக்குன்னு தெரியாது. பாத்துச் சொல்லுங்க.”

அவன் பார்த்தான். வான்நீலச் சட்டையொன்று முழுதாக அங்கே இருந்தது. இஸ்திரி மடிப்பும், கழுத்து வியர்வையும், முறுக்கை ஓசைப்படாமல் கடிக்க அவன் பட்ட பாடும் இருந்தன. மேலிருந்து இரண்டாவது பித்தானை நீலச் சட்டையில் பச்சை நூலால் தைத்திருந்ததுகூட இருந்தது.

“நான்தான்...” என்றான். “பித்தான்கூடத் தெரியுது.”

“நான் நல்லாப் பாத்தேன். அத்தை குனியச் சொன்னாலும் பாத்தேன்.”

அவன் பிறகு மெல்ல, “இப்பப் பாக்கட்டுமா?” என்றான்.

“இப்பப் பாத்தா வெளிச்சந்தான் தெரியும். நான் தெரிய மாட்டேன். இது அணைஞ்ச பெறகு வாங்க. வந்து பாத்துட்டு, வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. நானும் அப்ப சொல்லுதேன்.”

தட்டு மாறவில்லை. தாயார், “வீட்டுக்கு விளக்கு வேணும்தான், அதுக்காக இப்படியா வாய் பேசும் விளக்கு?” என்று கேட்டுவிட்டு மகனை இழுத்துக்கொண்டு போனாள். அத்தை சன்னல்களை ஒவ்வொன்றாக, ஓசைபட, திறந்தாள். அப்பா மட்டும் படியிறங்கித் தெருவுக்கு வந்து மகளின் எதிரே நின்றார். திட்டத்தான் வந்தார் என்று நினைத்து நிமிர்ந்த வடிவு, அவர் கருமணியில் எண்ணெய் தேய்த்த ஒரு கறுப்புக் குழந்தை வெயிலில் கால் உதைத்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அதன்பின் பள்ளிச் சீருடை, அதன்பின் கல்லூரிப் பை, அதன்பின் இந்தக் காலை. எதிலும் மாவு இல்லை, ட்யூப்லைட் இல்லை. அதற்குமேல் அவளால் பார்க்கமுடியவில்லை.

“கடைக்கு நேரமாச்சு அப்பா,” என்றாள்.

“சாப்பிட்டுட்டுப் போ,” என்றார் அவர்.

ஆடிக்காற்றில் தேரி மணல் பறந்து, அதன்பின் ஒரு மழையும் விழுந்து ஓய்ந்த காலையில், பொருள்களிடமிருந்த சேமிப்புத் தீர்ந்தது. மிளகாய் சிவந்தது; மல்லிகை வெளுத்தது; எருமைகள் தம் கறுப்புக்குள் திரும்பிச்சென்று நிம்மதியாக உறங்கின. ஓரகத்திகள் தத்தம் கண்ணாடிக்குத் திரும்பினார்கள். அம்மனின் கன்னக்குழி மறுபடியும் இருளில் மறைந்தது. ஆயினும் அது அங்கே இருக்கிறது என்பதை அறிந்த ஊர், அந்தப் பக்கமாகவே சாய்ந்து நின்று கும்பிடலாயிற்று. சுடலைவடிவு முன்போலவே கறுப்பாகத் துணிகளைத் தெருவுக்கு ஏந்திச்சென்றாள்.

குலசேகரன் வந்தது அதற்குப் பல நாள் கழித்து, கூட்டமில்லாத ஒரு முற்பகலில். அதே வான்நீலச் சட்டையை மடித்துக் கையில் வைத்திருந்தான். தாயார் உடன் வரவில்லை.

“பித்தானுக்குச் சரியான நூல் வேணும்,” என்றான்.

அண்ணாச்சி நூல்பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு, அதுவரை இல்லாத அவசரத்தோடு டீ குடிக்கப் போனார். வடிவு இரண்டு நீலங்களைத் தேர்ந்து, சட்டையை ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவனும் இறங்கினான். அவள் நூலைச் சட்டைமேல் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒன்று இலேசாக வெளிறியது, மற்றொன்று இழைந்துபோயிற்று. அவன் நூலைப் பார்க்கவில்லை. இந்தமுறை தரையையும் பார்க்கவில்லை. வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது, அவள் நகர்ந்துகொள்ளவில்லை.

“இது சரியா இருக்கு,” என்றாள் நூலைக் காட்டி.

“இன்னும் கொஞ்சம் பாத்துக்கிடுதேன்,” என்றான் அவன். “அவசரமில்லையே?”

“நாங்க அவசரப்படுத்துறதில்ல.”

உள்ளே வந்தபின் அவள் நூலை உறையிலிட்டுக்கொண்டிருக்க, அவன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேல்தட்டிலிருந்து இறக்கி மேசைமேல் போட்டிருந்த கறுப்பு லைனிங் கட்டின்மேல் வைத்தான். வைத்த கையை எடுக்காமல் வியந்து நிமிர்ந்தான்.

“இது இன்னும் சுடுதே! எல்லாந்தான் அணைஞ்சு போச்சே?”

“வாங்கினதை எல்லாம் அது திருப்பித் தராதுங்க,” என்றாள் வடிவு. “கொஞ்சம் வச்சுக்கிடும்.”